நீதிமான் ஒருவனும் இல்லை என்றால் நோவா யார்?

போன இதழில், அக்கிரமத்துக்காக அழியவிருந்த சோதோம் ஊருக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிற ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கி, பத்தில் நிற்கிற பேரம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டியும் வந்திருக்கிறது, அதை இன்னொரு நாள் பார்க்கலாம். கேள்வியாக வந்தவற்றில் சில இங்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

ரோமர் 3:10-இல் "நீதிமான் ஒருவனாகிலும் இல்லை" என்று பவுல் எழுதுகிறார். ஆனால் நோவா நீதிமான். யோபு உத்தமன். சகரியாவும் எலிசபெத்தும் "தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள்". எங்கள் சபை ஐயரிடம் கேட்டேன். அவர்களும் பாவிகள்தான், விசுவாசத்தால் நீதிமான்களாக எண்ணப்பட்டார்கள் என்றார். லூக்கா அப்படிச் சொல்லவில்லையே?
— வாசகர், பாளையங்கோட்டை

சொல்லவில்லைதான். லூக்கா 1:6-ஐ இன்னொரு தடவை பாருங்கள்: "சகல கற்பனைகளின்படியேயும் நியமங்களின்படியேயும் குற்றமற்றவர்களாய் நடந்து." நடந்தார்கள் என்கிறார், எண்ணப்பட்டார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் ஐயர், ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்கிற ரோமர் 4-ஐத் தூக்கிக்கொண்டு வந்து லூக்கா 1-இன் மேல் போர்த்துகிறார். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார், ஆனால் போர்வைக்கு அடியில் லூக்காவைக் காணவில்லை.

சரி, அப்படியானால் பவுல்? அவர் அந்த வரியைச் சொந்தமாக எழுதவில்லை. ரோமர் 3:10 முதல் 18 வரை முழுக்க மேற்கோள்கள்; சங்கீதத்தில் நாலைந்து இடம், ஏசாயா 59 என்று அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துக் கோத்த மாலை. முதல் பூ சங்கீதம் 14. "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று தொடங்குமே, அதுதான். அதன் மூன்றாம் வசனம், நன்மை செய்கிறவன் ஒருவனாகிலும் இல்லை என்கிறது. இத்தோடு நிறுத்திவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் இரண்டே வசனம் தள்ளி, ஐந்தாம் வசனத்தில் என்ன இருக்கிறது? "தேவன் நீதிமானுடைய சந்ததியோடே இருக்கிறாரே." ஒருவனும் இல்லை என்று சொன்ன அதே வாய், அதே பாட்டில், நீதிமான்களின் சந்ததி என்று ஒரு கூட்டத்தையே காட்டுகிறது. நடுவில் இருக்கிற நான்காம் வசனத்தைப் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். என் ஜனத்தை அப்பம் தின்கிற மாதிரி தின்கிறார்களே என்று அங்கே ஒரு அழுகை இருக்கிறது. ஏழையைத் தின்று வாழ்கிற கூட்டத்தைப் பார்த்து, இவனுகளில் ஒருத்தன்கூட உருப்படி இல்லை என்று வயிறெரிந்து பாடிய பாட்டு அது. மனித குலத்தைக் கணக்கெடுத்து எழுதிய அறிக்கை இல்லை. பவுல் அதை எடுத்து வேறு வழக்குக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். யூதனும் கிரேக்கனும் ஒரே படகில்தான், யாரும் யாரையும் பார்த்து மூக்கைச் சுளிக்க வேண்டாம் என்பது அவருடைய வழக்கு. மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் செய்கிற வேலைதான்.

இன்னொன்று, நீதிமான் என்ற சொல். நம் காதில் அது "மாசற்ற மகான்" என்று விழுகிறது. எபிரெயத்தில் இருக்கிற சத்திக் என்ற சொல்லில் பஞ்சாயத்து வாசனை அதிகம். இரண்டு பேர் வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதுதான் அங்கே கேள்வி. யூதாவும் தாமாரும் நினைவிருக்கும். மருமகள் வேசி போல முகத்தை மூடிக்கொண்டு வழியில் உட்கார்ந்து மாமனாரிடமே பிள்ளை வாங்குகிறாள், விஷயம் வெளிப்பட்டதும் யூதா சொல்வது: "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" (ஆதியாகமம் 38:26). தாமார் பாவமே அறியாதவள் என்றா அதற்கு அர்த்தம்? கடைசி மகனை அவளுக்குக் கொடுக்காமல் ஏமாற்றியது நான், இந்த வழக்கில் நியாயம் அவள் பக்கம் என்கிறான், அவ்வளவுதான்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு சங்கீதங்களுக்குப் போங்கள். சங்கீதம் 7-இல் "என் நீதியின்படியும் என்னிலுள்ள உண்மையின்படியும் எனக்கு நியாயஞ்செய்யும்" என்று தைரியமாகக் கேட்கிற குரல், சங்கீதம் 143-இல் "ஜீவனுள்ள ஒருவனும் உமக்கு முன்பாக நீதிமான் அல்லாததினாலே, அடியேனை நியாயந்தீர்க்கப் பிரவேசியாதேயும்" என்று கெஞ்சுகிறது. இரண்டுமே தாவீதின் சங்கீதம் என்றுதான் தலைப்பு. முதலாவதில் எதிர்க்கட்சிக்காரன் இன்னொரு மனிதன். இரண்டாவதில் எதிரே நிற்பது நீதிபதியே. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறு என்றால் நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன், கடவுள் என் கணக்கைத் திறக்கிறார் என்றால் உட்கார்ந்துவிடுவேன். இதில் முரண் எங்கே?

நோவாவை விட்டுவிட்டேனே. "தன் காலத்தில் இருந்தவர்களுக்குள்ளே" நீதிமான் என்பது ஆதியாகமம் 6:9. இந்த "தன் காலத்தில்" என்ற ஒரு சொல்லுக்காக யூத ரபிகள் தல்மூத் என்ற தங்கள் விளக்க நூலில் சண்டையே போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அவன் நீதிமான், வேறு காலமென்றால் தேறியிருக்க மாட்டான் என்பது யோகனான். அப்படிப்பட்ட காலத்திலேயே நீதிமானாக இருந்தவன் நல்ல காலத்தில் இன்னும் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்பது ரேஷ் லகீஷ். வகுப்பே பெயிலாகி ஒருவன் மட்டும் பாஸானால் அவனை எப்படி எடைபோடுவது? எனக்கு ரேஷ் லகீஷ் பக்கம்தான் பிடித்திருக்கிறது.

ஆபிரகாம் ஏன் பத்தோடு நிறுத்தினார்? ஒன்று வரை போயிருந்தால் அங்கே குடியிருந்த அவர் சகோதரன் மகன் லோத்தை வைத்தே ஊர் பிழைத்திருக்குமே?
— வாசகர், தூத்துக்குடி

காரணம் வசனத்தில் இல்லை. லோத்தின் குடும்பத்தை எண்ணிப் பத்துக்குக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு, ஊகம்தான்.

ஆனால் உங்கள் கேள்வியை வேதாகமமே பிறகு எடுத்துப் பேசுகிறது, அதுதான் சுவாரசியம். எரேமியா 5:1-இல் கடவுள், எருசலேமின் தெருக்களில் தேடுங்கள், நியாயம் செய்கிற ஒரே ஒருவன் கிடைத்தாலும் நகரத்தை மன்னிப்பேன் என்கிறார். ஆபிரகாம் கேட்கத் துணியாத விலைக்குக் கடவுளே இறங்கி வருகிறார். எசேக்கியேல் 14:14-க்கு வாருங்கள், விலை மறுபடி ஏறிவிட்டது. நோவா, தானியேல், யோபு மூன்று பேரும் ஒரு தேசத்தில் சேர்ந்திருந்தாலும் தங்கள் உயிரை மட்டும்தான் தப்புவிப்பார்கள், மகனையோ மகளையோ கூடக் காப்பாற்ற முடியாது. பத்துப் பேர் போதும், ஒருவன் போதும், மூன்று பேரும் போதாது. இந்த மூன்றையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தவர்களுக்கு எண்ணத் தெரியாமலில்லை.

அதிலும் நோவாவை உதாரணம் காட்டுவது எனக்கு வியப்பு. ஆதியாகமத்தில் நோவாவின் பிள்ளைகளும் மருமகள்களும் அவனால்தானே பேழைக்குள் ஏறினார்கள்? எசேக்கியேலுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான், அந்தக் கதவையும் அடைக்கிறார் என்று நினைக்கிறேன். (கொசுறு: எபிரெயத்தில் இங்கே தானியேலின் பெயர் தானியேல் புத்தகத்தில் இருப்பது போல எழுதப்படவில்லை, தானேல் என்கிற மாதிரி இருக்கிறது. சிரியாவின் ராஸ் ஷாம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த, உகரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளில், விதவைக்கும் அநாதைக்கும் நியாயம் தீர்க்கிற தானேல் என்று ஒரு பழங்கதை நாயகன் வருகிறான். அவனைத்தான் எசேக்கியேல் சொல்கிறார் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் மூன்று பேருமே இஸ்ரவேலர் அல்லாதவர்கள்.)

எங்கள் குடும்பத்தில் தொடர்ந்து நஷ்டம், நோய். தாத்தா செய்த பாவம் தலைமுறை சாபமாக வந்திருக்கிறது, முறிக்க வேண்டும் என்று ஒரு ஊழியர் சொல்லி, மாமா ஏற்கெனவே இரண்டு முறை காணிக்கை கொடுத்துவிட்டார். யாத்திராகமம் 20:5-ஐக் காட்டுகிறார்கள். நான் எசேக்கியேல் 18-ஐக் காட்டினால் வாதம் பண்ணாதே என்கிறார்கள். எது சரி?
— வாசகி, நாகர்கோவில்

வாதம் பண்ணுங்கள் அம்மா. வேதாகமத்துக்குள்ளேயே நடந்த வாதம்தான் இது.

"பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" விசாரிப்பேன் என்பது பத்துக் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது. மறுக்க முடியாது. அடுத்த வசனத்தில் "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கம் என்றும் இருக்கிறது. உங்கள் மாமாவுக்கு யாரும் அதைக் காட்டியதாகத் தெரியவில்லை. நாலு பெரிதா ஆயிரம் பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். "என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து" என்ற நிபந்தனையும் அதே வசனத்தில்தான்.

எசேக்கியேல் பேசுவது பாபிலோனில், கேபார் ஆற்றங்கரையில், கி.மு. 597-இல் நாடுகடத்தப்பட்ட கூட்டத்தின் நடுவில். அந்த முகாமில் ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது: அப்பன் தின்றது திராட்சக்காய், பல் கூசுவது பிள்ளைக்கு. எரேமியாவும் அதைக் குறிப்பிடுவதால் எல்லார் வாயிலும் இருந்த பேச்சுதான். அந்தச் சனங்களை நினைத்துப் பாருங்கள். ஊர் போச்சு, வீடு போச்சு, எல்லாம் மனாசே ராஜா காலத்துப் பாவத்தின் பலன், நாம் என்ன செய்ய முடியும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம்தான், இனி இந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது, "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்கிறார். நமக்குப் பயமுறுத்தலாகக் கேட்கிற வசனம், அந்த முகாமில் விடுதலையாகக் கேட்டிருக்கும். உன் அப்பன் கணக்கு உன் தலையில் இல்லை, எழுந்திரு.

இது முரண் என்று நாம் இன்று கண்டுபிடிக்கவில்லை. தல்மூத்தின் மக்கோத் என்ற பகுதியில் ஒரு ரபி பட்டென்று சொல்கிறார்: மோசே ஒரு தீர்ப்பு சொன்னார், எசேக்கியேல் வந்து அதை ரத்து செய்தார். ரத்து என்றே சொல்கிறார். உபாகமம் 24:16-உம் பிள்ளைகளுக்காகப் பிதாக்களோ பிதாக்களுக்காகப் பிள்ளைகளோ கொலைசெய்யப்படக் கூடாது என்கிறது, ஆனால் அது மனிதர் நடத்துகிற நீதிமன்றத்துக்கான சட்டம்.

இத்தோடு முடித்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும், எனக்கு மனசு கேட்காது. 18-ஆம் அதிகாரத்தை எழுதிய அதே எசேக்கியேல், மூன்று அதிகாரம் தள்ளி, 21:3-இல், எருசலேம்மீது வரும் வாளைப் பற்றிச் சொல்லும்போது, சன்மார்க்கனையும் துன்மார்க்கனையும் சேர்த்தே அழிப்பேன் என்று கடவுள் சொன்னதாகச் சொல்கிறார். நீதிமானைத் துன்மார்க்கனோடு அழிப்பது உமக்குத் தூரமாயிருப்பதாக என்று ஆபிரகாம் எதைச் செய்யாதீர் என்றாரோ, அதையே. எபிரெயத்திலிருந்து இதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன பழைய மொழிபெயர்ப்பாளருக்குக் கையே ஓடவில்லை போலிருக்கிறது. செப்துவாஜிந்தில் "அநியாயக்காரனையும் அக்கிரமக்காரனையும்" என்று மாறியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாள் ஊருக்குள் வரும்போது வீடு வீடாக விசாரித்து வெட்டுவதில்லை என்பதை எசேக்கியேல் பார்த்திருக்கிறார், நாமும் பார்த்திருக்கிறோம். அதை மறைத்து ஓர் அழகான கொள்கை எழுத அவர் தயாராக இல்லை. ஆக, முன்னோர் செய்ததன் பின்விளைவு பிள்ளைகள்மேல் விழுவது உண்மை; அதைக் காசு வாங்கிக்கொண்டு முறிக்கிற ஏற்பாடு இந்த இரண்டு அதிகாரத்திலும் இல்லை, யாத்திராகமத்திலும் இல்லை. மாமாவிடம் மூன்றாவது காணிக்கையை உங்கள் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

யோசியா போல நல்ல ராஜா இல்லை. 39 வயதில் போரில் சாகிறான். மனாசே போலக் கெட்டவன் இல்லை. 55 வருஷம் ஆண்டு படுக்கையில் சாகிறான். நீதிக்குப் பலன் இதுதானா?
— கல்லூரி மாணவர், மதுரை

நல்ல ஜோடியாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. இதே கேள்வி நாளாகமம் எழுதியவரையும் உறுத்தியிருக்கிறது.

2 இராஜாக்கள் எழுதியவர் மழுப்பவே இல்லை. யோசியாவுக்கு ஒப்பான ராஜா முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று 23:25-இல் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, ஆனாலும் மனாசே மூட்டிய கோபம் ஆறவில்லை என்கிறார். மூன்று வசனம் போனால் கி.மு. 609, மெகிதோ, பார்வோன் நேகோ யோசியாவைக் கொன்றுபோடுகிறான். ஒரே வசனம், விளக்கம் கிடையாது. சமாதானமாகக் கல்லறையில் சேர்வாய் என்று குல்தாள் தீர்க்கதரிசி சொல்லியிருந்தாள் என்பதையும் அவர் அழிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் நாளாகமத்தை எழுதியவர் இரண்டு கணக்கையும் நேர் செய்கிறார். மனாசே சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போய் மனந்திரும்பினான், அதனால்தான் நீண்ட ஆட்சி (2 நாளாகமம் 33). யோசியா, நேகோவின் வாயால் வந்த தேவனுடைய வார்த்தையைக் கேட்கவில்லை, அதனால்தான் சாவு (35:22). எகிப்து ராஜா வாயில் தேவ வார்த்தை வரும் என்று யோசியாவுக்கு எப்படித் தெரியும்? அது அவருக்குக் கவலையில்லை, கூட்டல் கழித்தல் சரியாக வந்தால் போதும். எனக்கு இராஜாக்களின் புத்தகம்தான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது, அது விடை சொல்லாமல் விட்டதாலேயே.

"மிஞ்சின நீதிமானாயிராதே" என்று பிரசங்கி 7:16 சொல்கிறதே, கொஞ்சம் தப்பு செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

அடுத்த வசனம்: மிஞ்சின துஷ்டனாயும் இராதே. கொஞ்சம் என்பது எவ்வளவு என்று பிரசங்கியும் எழுதி வைக்கவில்லை.

நீதிமானாவது விசுவாசத்தால் மட்டும் என்கிறோம் புராட்டஸ்டண்டுகளான நாங்கள். கிரியையும் வேண்டும் என்கிறார்கள் என் மனைவி வீட்டார், அவர்கள் கத்தோலிக்கர். பவுலா யாக்கோபா? ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இதே சண்டை.
— வாசகர், திருச்சி

முதலில், உங்கள் பக்கத்து ஆயுதத்தைச் சரிபாருங்கள். ரோமர் 3:28-இல் "மட்டும்" கிடையாது. கிரேக்கத்திலும் இல்லை, நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இல்லை. ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் சேர்த்த சொல் அது. புதிய ஏற்பாட்டில் விசுவாசத்தோடு "மாத்திரம்" ஒட்டி வருகிற ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கே என்ன சொல்கிறது? "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல." லூத்தருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை, 1522-இல் வந்த தன் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று எழுதினார்.

அவர்கள் பக்கமும் முழுசாக ஜெயிக்கவில்லை. இருவரும் ஆதியாகமம் 15:6-ஐத்தான் எடுக்கிறார்கள், ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனத்துக்கு முன்பே எண்ணப்பட்டதே, அப்புறம் யூதனல்லாத புறஜாதியானை ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள் என்று பவுல் கேட்கிறார். யாக்கோபின் கோபம் வேறே, பட்டினியாக நிற்கிறவனிடம் "போய்ப் பசியாறு" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற சபைக்காரன்மேல். பவுலே ரோமர் 2:13-இல், பிரமாணத்தைக் கேட்கிறவர்கள் அல்ல, செய்கிறவர்களே நீதிமான்களாக்கப்படுவார்கள் என்கிறார், அதை உங்கள் பக்கத்தில் யாரும் மனப்பாடம் பண்ணுவதில்லை.

உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி தமிழால் வருவது. உங்கள் வேதாகமத்தில் "நீதிமானாக்கப்படுகிறான்", மனைவி வீட்டில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "ஏற்புடையவர்". முதல் சொல் ஆளே மாறிவிட்டான் என்கிற மாதிரி ஒலிக்கிறது, இரண்டாவது, ஆள் இருந்தபடியே ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்கிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், கோட்பாட்டின்படி முதலாவது கத்தோலிக்கருக்கும் இரண்டாவது உங்களுக்கும் பொருந்தும். புத்தகங்களை மாற்றிக்கொண்டால் தேவலை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் இதைப் பற்றி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-இல் வேளாங்கண்ணிக்குப் போன என் சித்தியும் அவர் மகளும் திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்த ஒருவர், இது நியாயத்தீர்ப்பு, அவர்கள் சரியான சத்தியத்தில் இல்லை என்றார். இன்னொருவர், கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை பார்த்தீர்களா, மாதா காப்பாற்றினார் என்றார். இத்தனை வருஷம் ஆகியும் இரண்டு பேர் சொன்னதும் என் காதில் இருக்கிறது.
— வாசகி, நாகப்பட்டினம்

அம்மா, இரண்டாமவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார், வெளியே நின்றவர்களை நினைக்காமல் சொல்லிவிட்டார். முதலாமவருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இயேசுவிடம் இதே பேச்சு வந்தது, லூக்கா 13-இல். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். செத்தவர்களைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் அவர் பேசவில்லை. அப்புறம் வருகிற "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்ற எச்சரிக்கை உயிரோடு நின்று விசாரித்தவர்களுக்கு. உங்கள் வீட்டுக்கு வந்தவர் அந்த விரலைத் திருப்பிப் பிணத்தின் பக்கம் நீட்டியிருக்கிறார்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகு அத்தனையும் கடவுளுக்கு ஆதரவான பேச்சு, நீ பாவம் செய்யாமல் இப்படி நடக்காது என்று. யோபு பேசியதோ, சன்மார்க்கனையும் துன்மார்க்கனையும் அவர் அழிக்கிறார் (9:22) என்கிற மாதிரி, சபையில் எழுந்து சொன்னால் உட்கார வைத்துவிடுகிற பேச்சு. கடைசி அதிகாரத்தில் கடவுள் நண்பர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு யோபுவிடமே போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று அனுப்புகிறார். பிள்ளைகள் பத்துப் பேரும் ஏன் செத்தார்கள் என்பதை மட்டும் யோபுவிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை, கடவுளும்.